மலையூரின் மலிவு யாருடைய கணக்கில்?

ஓய்வுபெற்றவர்கள் நான்கு பேர் கூடும் இடங்களில், அது திருமண மண்டபமானாலும் நடைப்பயிற்சிப் பூங்காவானாலும், அண்மைக்காலமாக ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. ‘சென்னையில் இனி நமக்கு என்ன இருக்கிறது? மலைப்பக்கம் ஏதாவது சிற்றூரில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடலாம்’ என்பதுதான் அது. வாடகை, வெயில், தண்ணீர், போக்குவரத்து நெரிசல், ஒவ்வோர் ஆண்டும் நவம்பர், டிசம்பரில் வெள்ளத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பதற்றம் என இதற்குக் காரணங்கள் பல. கரோனா காலத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்தே பணிபுரியும் இளைஞர்களும் இதே பேச்சில் கலந்துகொள்கிறார்கள்.

சென்னையில் 34 ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற நானும் என் மனைவியும் நான்கு ஆண்டுகளாக நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரியில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். ‘அங்கே எல்லாம் மலிவுதானே?’ என்று நண்பர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடையளிக்கக்கூடிய கேள்வி இல்லை இது. ஓர் ஊர் ஏன் மலிவாக இருக்கிறது, அந்த மலிவு யாருக்கு மிச்சமாகிறது, யாருக்குச் செலவாகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

வாடகை சொல்லும் செய்தி

ஒரே நாட்டுக்குள் ஓர் ஊரில் வாடகை கூடுதலாகவும் இன்னோர் ஊரில் குறைவாகவும் ஏன் நிலைத்திருக்கிறது? மலிவான ஊருக்கு எல்லாரும் போய்விட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிட வேண்டுமே? 1979இல் ஷெர்வின் ரோசனும், 1982இல் ஜெனிஃபர் ரோபேக்கும் இக்கேள்விக்குத் தந்த விளக்கம் நகரப் பொருளியலின் அடிப்படைகளில் ஒன்றாகிவிட்டது. அதன் சாரம் எளிது. மக்கள் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கூலி, வாடகை, வாழ்வின் வசதிகள் ஆகிய மூன்றையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள். நல்ல காற்றும் இதமான தட்பவெப்பமும் உள்ள ஊரில், அந்த இன்பத்துக்கான விலையை மக்கள் குறைந்த கூலியாகவோ கூடுதல் வாடகையாகவோ, இரண்டுமாகவோ செலுத்துகிறார்கள். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

அப்படியென்றால், காற்றும் குளிர்ச்சியும் உள்ள மலையூரில் வாடகை சென்னையைவிட உயர்ந்தல்லவா இருக்க வேண்டும்? இல்லாததற்குக் காரணம், அங்கே வேறு பல இல்லை என்பதுதான். வேலைவாய்ப்பு குறைவு, சிறப்பு மருத்துவர்கள் குறைவு, உயர்கல்விக்கு வழி குறைவு, இரவில் சாலை மூடப்பட்டால் மாற்றுவழி குறைவு. இந்தக் குறைகளையெல்லாம் கூட்டி, சந்தை போட்ட கழிவுதான் மலையூரின் குறைந்த வாடகை. கடைக்காரர் கழிவு தருகிறார் என்றால் பொருளில் என்ன குறை என்று கேட்பது நம் வழக்கம். வீட்டு வாடகை விஷயத்தில் மட்டும் ஏனோ நாம் அப்படிக் கேட்பதில்லை.

இந்தக் குறைகளின் விளைவை நீலகிரியின் மக்கள்தொகைக் கணக்கே காட்டுகிறது. 2001இல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 2011இல் 7,35,394 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டின் மக்கள்தொகை கூடிய அதே பத்தாண்டில் இது நிகழ்ந்தது. 1990களின் இறுதியில் தேயிலை விலை சரிந்து, சிறு விவசாயக் குடும்பங்களின் வருவாய் ஆட்டம் கண்டது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்கும் போராட்டங்கள் இன்றும் ஓயவில்லை. உதகையின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் போன்ற பெரிய ஆலை நலிந்து மூடப்பட்டபோது, மலையில் நிலையான மாதச் சம்பளம் தந்த வாசல்களில் ஒன்றும் அடைபட்டது. படித்த பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்கினார்கள்.

ஆக, வெளியூர்க்காரர்கள் குடியேற விரும்பும் ஊரிலிருந்தே அவ்வூர்ப் பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். இதில் முரண்பாடு ஏதுமில்லை. அவர்கள் அங்கே பிழைக்க வேண்டும். நாம் அங்கே வசித்தால் போதும்.

பாதிக் கணக்கு மட்டும் செலுத்துபவர்

ரோசன், ரோபேக் விளக்கத்தில் குறைந்த கூலியும் குறைந்த வாடகையும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. உள்ளூரில் வேலைபார்த்து உள்ளூரில் வசிப்பவர் இரண்டையும் ஏற்கிறார். ஓய்வூதியரின் நிலை வேறு. என் ஓய்வூதியம் நான் சென்னையில் பெற்ற ஊதியத்தின் அடிப்படையில் நிர்ணயிக்கப்பட்டது. நான் எந்த ஊரில் வசித்தாலும் அது மாறாது. மாநகர நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு மலையிலிருந்து கணினியில் வேலைபார்க்கும் இளைஞருக்கும் இதுவே பொருந்தும். குறைந்த கூலி என்னும் பாதியை விட்டுவிட்டு, குறைந்த வாடகை என்னும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மலிவு என்று நாம் உணர்வது பெரும்பாலும் இதைத்தான்.

இங்கே கவனிக்க ஒரு நுணுக்கம் உண்டு. மலைப்பகுதிகளில் பணியாற்றும் அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு மலைப்படியும் குளிர்காலப்படியும் வழங்குகிறது. அதாவது, மலையில் வாழ்வது கூடுதல் செலவு என்பது அரசின் கணக்கு. நகரத்தில் வீடு தேடி அலுத்தவர்களோ மலையில் வாழ்வது குறைந்த செலவு என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். வாடகை குறைவு, மற்றவை கூடுதல் என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் நீங்கும்.

இந்த வழக்கம் மலைநகரங்களின் பிறப்பிலேயே உள்ளது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1819இல் நீலகிரிக்கு வந்து, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அது இன்று நினைவகமாக இருக்கிறது. பின்னர் உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைக்கால இருப்பிடமானது. சமவெளியில் திரட்டிய வரியிலிருந்து சம்பளம் பெற்று, சமவெளியின் வெக்கையிலிருந்து தப்பி மலையில் செலவிட்டவர்களுக்காக உருவானவை இந்த ஊர்கள். கீழே ஈட்டி மேலே செலவழிப்பது இருநூறு ஆண்டுப் பழக்கம். அன்று துரைமார் செய்ததை இன்று நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தார் சிறிய அளவில் செய்கிறோம்.

ஒரு குடும்பத்தின் பேரேடு

பொதுவாகப் பேசுவதைவிட எங்கள் வீட்டுக் கணக்கையே வைக்கிறேன். சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் இருந்தோம். வாடகை 27,000 ரூபாய், பராமரிப்புக் கட்டணம் 3,500, குளிர்சாதனத்தையும் சேர்த்து மின்கட்டணம் மாதத்துக்கு ஏறத்தாழ 3,000. ஆக 33,500 ரூபாய். கோத்தகிரியில் தனி வீட்டுக்கு வாடகை 13,000, மின்கட்டணம் வெந்நீர்ச் செலவோடு சேர்த்து 1,500. ஆக 14,500 ரூபாய். மாதம் 19,000 ரூபாய் மிச்சம். குடிவந்த முதல் மாதத்தில் யாரும் போடும் கணக்கு இது.

ஓராண்டு முழுவதும் எழுதிய பேரேட்டைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. மருத்துவப் பரிசோதனைக்காகக் கோவை சென்றுவரும் வாடகைக் காருக்கு மாதச் சராசரி 3,000 ரூபாய். உறவினர் வீட்டுத் திருமணம், துக்கம், வங்கி வேலை எனச் சென்னை சென்றுவர 4,000. மலையூரில் வீடு இருக்கிறது என்றவுடன் வந்து தங்கும் விருந்தினருக்காக 2,000. மேட்டில் உள்ள வீட்டுக்குக் காய்கறிப் பையோடு நடந்து ஏற முடியாத நாள்களில் ஆட்டோவுக்கு 1,500. கம்பளி உடை, ஒழுகும் கூரை, சுவரில் படியும் பூஞ்சை, ஈரத்தால் கெட்டுப்போகும் மின்கருவிகள் ஆகியவற்றுக்கு 1,500. மொத்தம் 12,000 ரூபாய். 19,000 ரூபாய் மிச்சம் என்று நினைத்தது, ஆண்டு முடிவில் 7,000 ரூபாயாக நிற்கிறது.

எழாயிரம் ரூபாயும் எளிய தொகை அன்று. ஆனால் இரண்டு எண்களின் இயல்பையும் கவனிக்க வேண்டும். வாடகை மிச்சம் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் கண்ணுக்குத் தெரிகிறது. கூடுதல் செலவோ எப்போதாவது, வெவ்வேறு பெயர்களில் வருகிறது. ஒழுங்காக வருவதை மனம் நினைவில் வைக்கிறது. சிதறி வருவதை மறந்துவிடுகிறது. மலையூர் வாழ்க்கை மலிவு என்று சொல்பவர்களும், ஏமாந்தோம் என்று சொல்பவர்களும் பெரும்பாலும் கணக்கை எழுதி வைக்காதவர்களே.

காய்கறி மலிவாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். நீலகிரியில் விளையும் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் பெருமளவில் மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போகின்றன. வாங்குபவர்கள் கூடுமிடத்தில்தான் விலை உருவாகும். எனவே தோட்டத்துக்கு அருகில் வசிப்பதால் மட்டும் கேரட் விலை குறைந்துவிடாது. அரிசி, பருப்பு, எண்ணெய், மீன், சிமெண்ட் ஆகியவை கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்கூலி ஏற்றிக்கொண்டுதான் மேலே வருகின்றன.

தூரத்தின் விலை

பேரேட்டில் எழுத முடியாத ஒரு செலவு உண்டு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதுவே முதன்மையானது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தால், எத்தனை நிமிடங்களில் உரிய சிகிச்சை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே பிழைப்பதும் முடங்குவதும் அமைகின்றன. சென்னையில் நெரிசல் இருந்தாலும் சில கிலோமீட்டருக்குள் இதய சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனை இருக்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே ஏறத்தாழ 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அதன்பின் கோவை. மழைக்காலத்தில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ இந்தக் கணக்கும் உறுதியில்லை.

உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, அதன் பெரிய மருத்துவமனை 2025இல் திறக்கப்பட்டிருப்பது இம்மாவட்ட மக்களுக்குப் பெரும் ஆறுதல். எனினும், கட்டடம் எழுவதும் எல்லாத் துறைகளிலும் சிறப்பு மருத்துவர்கள் நிலையாகத் தங்குவதும் வேறு வேறு. மலையில் பணியாற்ற வரும் மருத்துவருக்கும் பிள்ளைகளின் கல்வி, துணைவரின் வேலை போன்ற கேள்விகள் உண்டு. ஊர்ப் பிள்ளைகளை மலையிலிருந்து இறக்கிய அதே காரணங்கள், மருத்துவரை மலையேற விடாமலும் தடுக்கின்றன.

இத்தகைய ஆபத்துக்குப் பொருளியலில் ஒரு கணக்கு உண்டு. நிகழ வாய்ப்புள்ள இழப்பை, அது நிகழ்வதற்கான வாய்ப்பின் அளவால் பெருக்கி, ஆண்டுச் செலவாகக் கருத வேண்டும். ஐம்பது வயதில் மிகச் சிறியதாக இருக்கும் இந்தத் தொகை, எழுபதில் பெரிதாகிவிடும். எனவே மலையூரில் குடியேறுவது ஒரே முறை எடுத்து முடித்துவிடும் முடிவாக இருக்க முடியாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் எடுக்க வேண்டிய முடிவு அது. நாங்கள் வீடு வாங்காமல் வாடகைக்கே இருப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

ஊர் செலுத்தும் பங்கு

இதுவரை சொன்னது வருபவரின் கணக்கு. ஊரின் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.

எங்கள் வீட்டில் உதவிக்கு வரும் பெண்மணியின் பாட்டி, இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கு வந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான மலையகத் தமிழர் குடும்பங்களுள் ஒன்று அவருடையது. அவர்களின் மறுவாழ்வுக்காகத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே தொடங்கப்பட்டது. மூன்று தலைமுறையாக இந்த மலையில் இலை பறித்தும், கட்டட வேலை செய்தும், வீட்டு வேலை செய்தும் வாழும் குடும்பம். பேருந்து நிலையத்துக்கு அருகில் அவர்கள் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருந்த வீட்டை, உரிமையாளர் புதுப்பித்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடத் தொடங்கினார். குடும்பம் ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ‘ஒரு ராத்திரிக்கு அவங்க குடுக்குறதத்தான் சார் நாங்க ஒரு மாசத்துக்குக் குடுக்க முடியும். அப்புறம் எங்களுக்கு யாரு வீடு தருவாங்க?’ என்று அவர் என்னிடம் கேட்டார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, நடப்பைத்தான் சொன்னார். ஒரு பருவம் முழுவதும் வகுப்பெடுத்து நான் விளக்கிய வாடகைக் கோட்பாடு அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது.

அரசுப் பேருந்தில் அவருக்குக் கட்டணமில்லை. ஆனால் மலைக்கிராமத்துக்குப் பேருந்து எப்போதாவதுதான் வரும். காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் காத்திருப்பிலும் பயணத்திலும் போகின்றன. அந்த நேரத்தில் அவர் முன்பு இன்னொரு வீட்டில் வேலை செய்துவந்தார். அந்த வருமானம் நின்றுவிட்டது. எனக்கு மாதம் 7,000 ரூபாய் மிச்சமாகும் ஊரில்தான் அவருக்கு ஒரு வீட்டு வேலையின் கூலி இழப்பாகிறது.

இதற்கு அந்த வீட்டு உரிமையாளரைக் குறைசொல்ல இயலாது. தேயிலையில் வருமானம் இல்லாதபோது, இருக்கும் வீட்டைக் கொண்டு பிழைக்க அவருக்கும் உரிமை உண்டு. வெளியிலிருந்து வரும் பணம் ஊருக்குத் தேவையில்லை என்பதும் என் வாதம் அன்று. கேள்வி, எந்த வகைப் பணம் என்பதே.

விளக்கெரியும் வீடும் பூட்டிய வீடும்

ஒரு சிற்றூரில் மருந்துக்கடை, பல் மருத்துவர், இரத்தப் பரிசோதனை நிலையம், புத்தகக்கடை ஆகியவை நிலைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையில் வாடிக்கையாளர் வேண்டும். ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல் வகுத்த மைய இடக் கோட்பாட்டின் அடிப்படை இது. 2011 கணக்கெடுப்பின்படி கோத்தகிரியின் மக்கள்தொகை ஏறத்தாழ 28,000. அந்த அளவுள்ள ஊரில் ஆண்டு முழுவதும் தங்கும் 500 குடும்பங்கள் கூடுதலாக வந்தால், ஓர் ஆய்வகம் நிற்கும். ஒரு கண் மருத்துவர் வாரம் இருமுறை வருவதற்குப் பதிலாக நாள்தோறும் இருப்பார். அதனால் ஊரில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் பயன்.

அதே 500 குடும்பங்கள் நிலம் வாங்கி, சரிவை வெட்டி, மாளிகை கட்டி, ஏப்ரலில் பத்து நாளும் டிசம்பரில் ஐந்து நாளும் மட்டும் வந்து தங்கினால், ஊருக்குக் கிடைப்பது கட்டுமானக் காலத்துக் கூலியும் ஒரு காவலாளியின் சம்பளமும்தான். நிலத்தின் விலை ஏறும். மருந்துக்கடைக்கு வியாபாரம் ஏறாது. நீர் ஊற்றின் மேல் உரிமை போகும்; பள்ளிக்கு ஒரு பிள்ளையும் கூடாது. ஓர் ஊரைக் காப்பாற்றுவதும் காலியாக்குவதும் வெளியூரார் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் காட்டிலும், இரவில் எத்தனை வீடுகளில் விளக்கெரிகிறது என்பதைப் பொறுத்தது.

மலைநாடான சுவிட்சர்லாந்து இந்தச் சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. 2012இல் நடந்த பொது வாக்கெடுப்பில், எந்த உள்ளாட்சியிலும் இரண்டாம் வீடுகளின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்நாட்டு மக்கள் முடிவெடுத்தார்கள். நம் நாட்டில் இமாசலப் பிரதேசம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவால், விவசாயி அல்லாதவர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. உத்தராகண்டில் வெளிமாநிலத்தவர் நகர எல்லைக்கு வெளியே வீட்டுக்காக வாங்கக்கூடிய நிலத்துக்கு 250 சதுர மீட்டர் வரம்பு உண்டு.

தமிழ்நாட்டிலும் மலைகளுக்கெனச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. மரங்களைக் காக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் அமைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே மாதம் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. மரத்தை எண்ணுகிறோம், கட்டடத்தை அளக்கிறோம், வாகனத்தையும் எண்ணத் தொடங்கிவிட்டோம். கட்டிய வீட்டில் யாராவது வசிக்கிறார்களா என்பதை மட்டும் எந்த விதியும் கேட்பதில்லை.

இது வெறும் வாடகைச் சிக்கல் அன்று. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையின்போது ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில், அண்டை மாவட்டமான வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த பேரழிவை நாம் மறந்திருக்க முடியாது. மலைச்சரிவு தாங்கக்கூடிய கட்டடங்களுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எழும் ஒவ்வொரு பூட்டிய வீடும், குடியிருக்க இடம் தேடும் ஒரு குடும்பத்தை இன்னும் ஆபத்தான சரிவுக்குத் தள்ளுகிறது. பாதுகாப்பான மேட்டில் காலி வீடு, ஓடைக்கரையில் நெரிசலான குடியிருப்பு என்ற அமைப்பு தானாக உருவாவதில்லை. நிலத்தின் விலைதான் அதை உருவாக்குகிறது.

செய்யக்கூடியவை

அரசும் உள்ளாட்சிகளும் செய்யக்கூடியவை சில உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் வெவ்வேறு சொத்துவரி விகிதம் வேண்டும். மின்நுகர்வைக் கொண்டே எந்த வீடு எந்த வகை என்று அறிந்துவிடலாம். நாள் வாடகை விடுதிகளாக மாற்றப்படும் வீடுகளுக்கு, ஊர் ஊராக ஓர் உச்சவரம்பு வேண்டும். அந்த வரி வருவாயின் ஒரு பகுதியைக் கொண்டு தோட்டத் தொழிலாளர்கள், செவிலியர், ஓட்டுநர் போன்றவர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளைப் பாதுகாப்பான இடத்தில் கட்ட வேண்டும். மலையூருக்கு மருத்துவர் வர மறுக்கிறார் என்று வருந்துவோர், அவர் குடும்பத்தோடு தங்கத் தகுந்த வாடகையில் வீடு கிடைக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

குடியேற எண்ணும் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவை. முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். அந்த ஆண்டில் மார்ச் மாதத்துத் தண்ணீர்த் தட்டுப்பாடும், கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரி போன்ற ஊர்களை நனைக்கும் வடகிழக்குப் பருவமழையும் அடங்கட்டும். காட்சி அழகான வீட்டைவிட, பேருந்து நிறுத்தத்துக்கும் மருத்துவமனைக்கும் அருகில் உள்ள வீடே முதுமைக்கு ஏற்றது. இதயம், நுரையீரல் தொடர்பான நோய் உள்ளவர்கள், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமும் குளிரும் தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரைக் கேட்டபிறகே முடிவெடுக்க வேண்டும். நகரத்து வீட்டை விற்றுவிட்டு வராதீர்கள். திரும்பிச் செல்லும் வழிக்கும் ஒரு மதிப்பு உண்டு. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், புதிதாகச் சரிவை வெட்டாமல், ஏற்கெனவே நிற்கும் வீட்டை வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தால் குடியிருக்க வாருங்கள். வாக்காளர் பட்டியலையும் குடும்ப அட்டையையும் இந்த ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மருந்தை இணையத்தில் வரவழைக்காமல் உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கு ஊர் வழக்கமான கூலியைத் தந்து நிறுத்திக்கொள்ளாமல், நகரத்தில் நீங்கள் தந்த கூலியைத் தாருங்கள். நம் வருமானம் நகரத்து வருமானமாக இருக்கும்போது, நாம் தரும் கூலி மட்டும் மலையூர்க் கூலியாக இருப்பதற்குப் பொருளியலிலும் நியாயமில்லை, அறத்திலும் நியாயமில்லை.

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரியின் மக்கள்தொகை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை எல்லாரும் கவனிப்பார்கள். அதே கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில், ஆளில்லாமல் இருக்கும் வீடுகளுக்கென்று ஒரு தனி எண்ணும் இருக்கும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மக்கள் குறைந்து, காலி வீடுகள் கூடியிருந்தால், மலையூரின் மலிவை அனுபவித்தவர்கள் யார், அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் யார் என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது.